கப்பலில் ஏறிய பிறகும் கைபேசி வேண்டுமா? செயலி, காகிதம், பதக்கம்: ஓர் அலசல்

இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கே அம்மா எழுந்துவிட்டார். கப்பல் பினாங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காபி எந்தத் தளத்தில், எத்தனை மணியிலிருந்து கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் தானே போய்க் குடித்துவிட்டு வந்திருப்பார். அந்தத் தகவல் கப்பலின் செயலியில் இருந்தது. செயலி என் கைபேசியில் இருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு நான் கண் விழித்தபோது, புடவை மாற்றி, தலை வாரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். “உன்னை எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன்மா” என்றார்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. நான், கணவர், பதின்வயதுப் பிள்ளைகள் இருவர், 72 வயது அம்மா. கப்பலின் பெயர் இங்கே முக்கியமில்லை, பெரிய கப்பல்கள் பலவற்றிலும் இன்று இதே நிலைதான். தினசரி நிகழ்ச்சி நிரல், சாப்பாட்டு நேரம், நாடகத்துக்கு இடம் பிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் செயலிக்குள் போய்விட்டன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து கப்பல் ஏறும் குடும்பங்கள் அதிகமாகிவிட்டதால், “அந்த ஆப் கட்டாயமா? அப்பாவுக்கும் போட்டுக் கொடுக்கணுமா?” என்று உறவில் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செயலிக்காக இணையப் பொதி வாங்கத் தேவையில்லை. பெரிய நிறுவனங்களின் செயலிகள் கப்பலின் வைஃபையில் காசு இல்லாமலே வேலை செய்யும். ஆனால் கரையிலேயே பதிவிறக்கி, கணக்குத் திறந்து, பயண எண்ணையும் சேர்த்து வைத்துவிட வேண்டும். கப்பலில் ஏறியதும் கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறக்க வேண்டும். இது சாதாரண எச்சரிக்கை இல்லை. பல கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி செல்பேசி வலையமைப்பு உண்டு. கரையை விட்டு விலகியதும் அது உயிர் பெறும். ஃப்ளைட் மோட் போடாத கைபேசி தானாக அதில் ஒட்டிக்கொள்ளும், ரோமிங் கட்டணம் பயணச் செலவையே அசைத்துப் பார்க்கும்.

செயலி எங்கே ஜெயிக்கிறது?

கப்பல் ஏறும் நாளில் சந்தேகமே இல்லாமல் செயலிதான். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து, முகப்படம் ஏற்றி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற நேரத்தையும் வீட்டிலிருந்தே தேர்ந்தெடுத்துவிடலாம். குவாண்டம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 4,000 பேருக்கு மேல் ஏறுவார்கள். சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் அத்தனை பேரும் மேசையில் தாள் நிரப்பினால் பாதி நாள் போய்விடும். இந்த வேலைக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு கைபேசி போதும். அம்மாவுடையதையும் நானேதான் முடித்தேன்.

அடுத்தது கணக்கு. கப்பலில் பணத்தாள் செல்லாது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். முன்பெல்லாம் எவ்வளவு ஆனது என்று பார்க்க சேவை மேசையில் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது கடைசி இரவில் கதவில் செருகும் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டும். செயலியில் அன்றன்றே பார்த்துவிடலாம். என் மகன் வீடியோ கேம் கூடத்தில் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து விளையாடியது முதல் நாள் இரவே கண்ணில் பட்டது. மறுநாள் காலை அந்த அட்டையில் செலவை நிறுத்தி வைத்தேன். கடைசி நாளில்தான் தெரிந்திருந்தால் பெரிய தொகையாகியிருக்கும்.

இடம் பிடிப்பதிலும் செயலியை வெல்ல ஆளில்லை. மழை வந்து திறந்தவெளிப் படம் ரத்தானால் அச்சிட்ட தாள் அதைச் சொல்லாது, செயலி சொல்லிவிடும். விர்ஜின் வாயேஜஸ் போன்ற நிறுவனத்தில் பெரிய பஃபே கூடமே கிடையாது. பல உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டும், அதற்குப் பெரும்பாலும் செயலிதான் வழி. அந்த மாதிரிக் கப்பலில் கைபேசி இல்லாமல் இருப்பது சிரமம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குடும்பத்துக்குள் செய்தி அனுப்பும் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். டிஸ்னி கப்பல்களில் அது இலவசம், கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் தனிக் கட்டணம். வாட்ஸப் வேண்டுமென்றால் இணையப் பொதி வாங்க வேண்டும், நாளொன்றுக்கு 20 டாலரைத் தொடும். ஆனால் செய்தி அனுப்புவதை விட, அது வந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பதுதான் கஷ்டம். நீச்சல் குளத்தில் இருப்பவர் கையில் கைபேசி இருக்காது. நாங்கள் இரண்டாம் நாளே வேறு வழிக்கு மாறினோம். கப்பல் அறைகளின் கதவும் சுவரும் இரும்பு, காந்தம் நன்றாக ஒட்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் இரண்டு காந்த வில்லைகளை எடுத்துப் போங்கள். ‘பாட்டியும் நானும் 5-ஆம் தளம், 4 மணிக்கு வருவோம்’ என்று ஒரு சீட்டு. அவ்வளவுதான். அதே இரும்புச் சுவரால் சிலர் கொண்டுவரும் வாக்கி டாக்கி பல இடங்களில் கேட்காது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

காகிதம் என்ன செய்தது?

பழைய பயணிகளிடம் கேட்டால், அன்றைய நிகழ்ச்சிகளை அச்சிட்டு அறைக்குக் கொடுத்த அந்தத் தினத்தாளைப் பற்றி வாஞ்சையோடு பேசுவார்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தில் ‘க்ரூஸ் காம்பஸ்’, பிரின்சஸில் ‘பிரின்சஸ் பேட்டர்’, கார்னிவலில் ‘ஃபன் டைம்ஸ்’. முந்தைய இரவே அறைப் பணியாளர் குளியல் துண்டை மடித்து யானையோ குரங்கோ செய்து, அதன் பக்கத்தில் மறுநாளின் தாளை வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். எதுவும் தேட வேண்டாம், விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டாம். போக நினைப்பதைப் பேனாவால் வட்டமிடலாம். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021-இல் கப்பல்கள் மறுபடி கிளம்பியபோது, பல நிறுவனங்கள் இதை அறைக்குக் கொடுப்பதை நிறுத்தின. தாள் குறைவதும் குப்பை குறைவதும் நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்காதவருக்குக் கொடுக்காமல் இருப்பது வேறு, தேவைப்படுகிறவருக்கு அது கிடைக்கும் என்றே சொல்லாமல் இருப்பது வேறு. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நானாகச் சேவை மேசையில் போய்க் கேட்டபோது, இழுப்பறையிலிருந்து ஓர் அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தார்கள். இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது!

துறைமுகத்தில் இறங்கும்போது தாளுக்கு இன்னொரு மதிப்பு. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம், பல தாள்களில் அந்த ஊரில் கப்பலின் முகவர் தொலைபேசி எண்ணும் இருக்கும். மடித்துப் பர்ஸில் வைத்தால் சார்ஜ் தீராது.

புக்கெட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய கப்பல்கள் அங்கே பட்டோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும், படகில்தான் கரைக்குப் போய் வர வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. கரையில் வரைபடம் பார்க்க நான் ரோமிங்கைத் திறந்ததும் கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, நான் கவனிக்கவில்லை. கடைசிப் படகு நான்கரைக்கு. என் கைபேசியில் 2.45. இன்னும் நேரம் இருக்கிறது என்று கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா தன் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்த்து, “மணி மூணே முக்கால் ஆச்சே” என்றார். சாங்கி விமான நிலையத்தில் சரிசெய்த கடிகாரம், அதன் பிறகு யாரும் தொடவில்லை. அவர் சொன்னதுதான் சரி. செயலி போட்டாலும் போடாவிட்டாலும் கப்பல் நேரத்தில் ஓடும் ஒரு கைக்கடிகாரம் கையில் இருக்கட்டும்.

பதக்கம்

கைபேசியும் வேண்டாம், தாளும் போதாது என்பவர்களுக்கு பிரின்சஸ் நிறுவனம் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கால் டாலர் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட வில்லை, பெயர் மெடாலியன். 2017 ஜனவரியில் அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் ரீகல் பிரின்சஸ் கப்பலில் தொடங்கினார்கள். இதை உருவாக்கிய ஜான் பேட்ஜெட் அதற்கு முன் டிஸ்னியில் மேஜிக் பேண்ட் என்ற கைப்பட்டையின் பின்னால் இருந்தவர், பிறகு பிரின்சஸுக்கே தலைவரானார். கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொண்டு அறைக்கு அருகில் போனால் பூட்டு திறந்துகொள்ளும். பணம் கட்டுவதும் கப்பலை விட்டு இறங்கி ஏறுவதும் அதிலேயே. பணியாளர் கையில் உள்ள திரையில் உங்கள் பெயரும் படமும் தெரியும், இருக்கும் இடத்துக்கே பானம் கொண்டுவந்து தருவார்கள். நடைபாதைத் திரைகள் அறைக்குப் போகும் வழியைக் காட்டும்.

வயதானவர்களுக்கு மூன்றிலும் இதுவே மேல் என்று நினைக்கிறேன். கடவுச்சொல் கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், சின்ன எழுத்தைப் படிக்க வேண்டாம். எங்கள் பயணத்தில் அம்மா இரண்டு முறை கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் குழம்பி ஒரே மாதிரியான நீண்ட நடைபாதையில் நின்றார். அப்படிப்பட்ட நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று என் கைபேசியில் பார்க்க முடிந்திருந்தால் எனக்கு நெஞ்சு படபடத்திருக்காது. மெடாலியனில் அது முடியும். எங்கே போகிறோம் என்பதெல்லாம் பதிவாகிறதே என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. தனியாகப் போனால் நானும் யோசிப்பேன், அம்மாவோடு போனால் யோசிக்க மாட்டேன். இதிலும் பானம் வரவழைப்பது, முன்பதிவு போன்றவற்றுக்குச் செயலியைத்தான் திறக்க வேண்டும், ஆனால் அன்றாடம் நடமாட அது தேவையில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பாதுகாப்புப் பயிற்சி

இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 32 பேர் இறந்தார்கள். 2015 ஜனவரி முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது.

முன்பு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தளத்தில் வரிசையாக நிற்க வேண்டும். 2020-இல் ராயல் கரீபியன் இதைப் பிரித்தது. செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளியைப் பார்த்துவிட்டு, பிறகு ஆபத்து நேரத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். முட்டி வலி உள்ளவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம், நல்ல மாற்றம். ஆனால் கைபேசியில் பலர் அதை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்தேன், என் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். அதனால் இதற்கு என் தேர்வு தொலைக்காட்சி. எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டோம். அவசர ஒலி இதுதான்: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அம்மா அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கூடுமிடத்தில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டோம், பொறுமையாகக் காட்டினார்கள். அறைத் தொலைபேசியில் அவசர எண் எது என்பதையும் அப்போதே காட்டி வையுங்கள். பல கப்பல்களில் 911. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எந்தச் செயலியையும் தேட முடியாது.

கப்பலின் அளவைப் பொறுத்தும் பதில் மாறும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990-இல் கட்டிய கப்பல், 50,000 டன்னுக்கும் குறைவு. ஐகான் ஆஃப் தி சீஸ் கிட்டத்தட்ட 2,50,000 டன், 20 தளங்கள். எம்ப்ரஸ் மாதிரிக் கப்பலில் முதல் நாள் மாலை மேலும் கீழும் நடந்தாலே எல்லா இடமும் மனதில் பதிந்துவிடும், செயலி இல்லாமல் தாராளமாகச் சமாளிக்கலாம். ஐகானில் வீட்டில் ஒருவராவது செயலி வைத்திருப்பது நல்லது.

ஒருவர் என்றுதான் சொல்கிறேன். ஆளுக்கு ஒன்று வேண்டாம். பெரியவர்கள் கையில் செயலியைத் திணிக்காதீர்கள். அதற்குப் பதில், முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் தினமும் கிடைக்குமா? கைபேசி இல்லாதவர் உணவுக்கும் நாடகத்துக்கும் எங்கே போய் இடம் கேட்பது? சரியான பதில் வராவிட்டால் வேறு கப்பலைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் வாங்கிய தாளோடு மறுநாளுக்கான தாளையும் அன்று மாலையே கேட்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளிடம் பென்சில் வாங்கி, அரை மணி நேரம் வட்டமிட்டார். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. கதவில் காந்தத்தின் கீழ் ஒரு சீட்டு: ‘காபி. 14-ஆம் மாடி. நீ தூங்கு.’