மரத்துக்கு எந்த நிற விளக்கு?

கிறிஸ்துமஸ் நிறம் எது என்று கேட்டால் சிவப்பும் பச்சையும் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. இடைக்கால ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று ஏதேன் தோட்டக் கதையை நாடகமாக நடிப்பார்கள். மேடைக்கு ஒரு மரம் வேண்டும், கடுங்குளிரில் பசுமையாக நிற்பதோ ஊசியிலை மரம்தான். அதில் சிவப்பு ஆப்பிள்களைத் தொங்கவிட்டார்கள். இன்றைய கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஹாலி செடியும் இதே ஜோடிதான்: முள் விளிம்புள்ள பச்சை இலை முள்முடியையும், சிவந்த கனி இயேசுவின் இரத்தத்தையும் குறிக்கும். வாடாத உயிருக்குப் பச்சை, சிந்திய இரத்தத்துக்குச் சிவப்பு.

அர்த்தத்தில் இந்த ஜோடியை எதுவும் மிஞ்சாது. ஆனால் சீரியல் லைட்டாக மாட்டினால் கதை வேறு. வெள்ளைச் சுவரின் ஓரத்தில் ஒரு சிவப்பு பல்பையும் ஒரு பச்சை பல்பையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டுப் பாருங்கள். இரண்டு வெளிச்சமும் சேரும் இடத்தில் சுவர் மஞ்சளாகத் தெரியும். சாயம் கலப்பதும் ஒளி கலப்பதும் ஒன்றல்ல. அதோடு, பச்சை இலை மேல் சிவப்பு வெளிச்சம் மட்டும் பட்டால் இலை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். எந்தப் பசுமைக்காக மரத்தை வைத்தோமோ அதுவே மறைந்துபோகிறது. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு அப்படி. அவர்களிடம் இந்த ஜோடி போய்ச் சேருவதே கஷ்டம்.

அதனால் மரத்துக்கு என் ஓட்டு மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையான வார்ம் ஒயிட்டுக்குத்தான். மின்விளக்கு வருவதற்கு முன்பு மரத்தில் எரிந்தது மெழுகுவர்த்தி. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின், வார்ம் ஒயிட் 2,700 அளவில் இருக்கும். இருளில் வந்த ஒளி என்று கிறிஸ்து பிறப்பைச் சொல்கிறோம், அந்த ஒளிக்கு மிக நெருங்கிய சாயல் இதுதான். திருவழிபாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தின் நிறமும் வெள்ளை அல்லது பொன்னிறம். நீலச் சாயல் கொண்ட கூல் ஒயிட்டுக்கு வேறு அர்த்தம்: பனி, நட்சத்திரம், உறைந்த இரவு. கூரை விளிம்பிலும் நட்சத்திரத்துக்குள்ளும் அது அழகு. மரத்தில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளை எல்.இ.டி.க்குள் பொதுவாக இருப்பது நீல ஒளி தரும் சில்லு, அதன் மேல் மஞ்சள் பூச்சு. கூல் ஒயிட்டில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருப்பதால் சிவப்பு உருண்டைகள் களையிழந்துவிடும். வார்ம் ஒயிட்டில் இலை பச்சையாகவே தெரியும், உருண்டை சிவப்பாகவே தெரியும். அந்தப் பழைய ஆப்பிள் மரம் திரும்பி வந்துவிடும்.

நீலம் மரியாளின் மேலாடை நிறம். ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைத்த லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த அந்த நீலச் சாயம் அவ்வளவு விலை உயர்ந்தது. ஓவியர்கள் அதை அன்னை மரியாளுக்கென்று ஒதுக்கினார்கள். யூதர்களின் ஹனுக்கா விழாவுக்கும் நீலமும் வெள்ளையும்தான். பழைய இழை பல்பின் ஒளியில் நீலம் குறைவு, கண்ணாடிக்கு நீலம் பூசினால் மங்கலாகத்தான் எரியும். இன்றைய பளிச்சென்ற நீலம் 1990களில் வந்த நீல எல்.இ.டி.யால் கிடைத்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. அழகுதான், ஆனால் இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் நீல பல்புகள் கலங்கித் தெரியும். நம் கண் நீலத்தை விழித்திரைக்குச் சற்று முன்பே குவிப்பதுதான் காரணம். குடிலுக்குப் பின்னால் வானமாக ஒரு சரம் போதும்.

ஊதா காத்திருப்பின் நிறம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் அதன் மெழுகுவர்த்தி வளையத்தில் மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் இளஞ்சிவப்பு. ஊதா விளக்கு மாட்டினால் 24ஆம் தேதி மாலையோடு கழற்றிவிடுவதே பொருத்தம்.

அப்புறம் கலர் சீரியல். அர்த்தம் இல்லாதது என்று அதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் மின்விளக்கு மரமே பலவண்ண மரம்தான். 1882இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளை எரியவிட்டு மரத்தையே சுழலவிட்டார். பல்புகளில் பச்சை கிடையாது, அதை மரம் பார்த்துக்கொண்டது. ஒரு குழந்தை சரத்தின் ஒரு முனையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்பாகத் தொட்டு நிறத்தின் பெயர் சொல்லிக்கொண்டே மறுமுனைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே வாசலில் ஒரு கலர் சரம் கட்டாயம் வேண்டும், அதுவும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.