ஆத்தூர் வரை போய்ப் பார்க்காததற்கு ரூ. 1,62,000

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். யார் வெள்ளிக்கட்டி கொண்டு வந்தாலும், அது என் மாமனாராகவே இருந்தாலும், டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்காமல் காசு எண்ண மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு கம்பெனி விட்ட பி.டி.எஃப் அறிவிப்பைப் படித்துவிட்டு அதன் பங்குக்கு இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் தூக்கிக் கொடுத்தேன். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதே கதை வேறு பெயர்களில் இப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

வட மாநிலத்துக் கம்பெனி, கழிவிலிருந்து கேஸ் எடுக்கும் ஆலைகளைக் கட்டித் தருகிறவர்கள். 2023 மே மாதம் பங்குச்சந்தையில் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ பிரிவில் பட்டியலானது. 2024 ஜனவரியில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அவர்களுடைய அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'சேலம் மாவட்டத்தின் முன்னணி ஜவ்வரிசி ஆலைகளிடமிருந்து ரூ. 18 கோடி ஆர்டர்.' கீழே அண்ணனின் குரல் பதிவு: "தம்பி, நம்ம ஊர் சேகோகாரங்களே குடுத்திருக்காங்க. மிளகு வித்த காச நான் போட்டுட்டேன்."

நம்ம ஊர் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. 1,000 பங்கு ஒரு லாட். ரூ. 142 விலையில் இரண்டு லாட், மொத்தம் ரூ. 2,84,000. அறிவிப்பு பங்குச்சந்தைத் தளத்திலேயே இருந்ததால் சந்தை சரிபார்த்துத்தான் போட்டிருக்கும் என்று நினைத்தேன். அது கம்பெனி எழுதிக் கொடுப்பதை ஒட்டி வைக்கும் பலகைதான். விலை கண்டபடி ஆடினால் விளக்கம் கேட்பார்கள், அதற்கும் கம்பெனியே பதில் எழுதும்.

அடுத்த சில மாதங்களில் வாரத்துக்கொரு நல்ல சேதி. வெளிநாட்டுக் கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், புதுத் தொழிற்சாலைக்கு நிலம். ஜூனில் விலை ரூ. 236. எஸ்எம்இ கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கைக் காட்ட வேண்டும். நடுவில் நமக்குக் கிடைப்பதெல்லாம் அவர்கள் சொல்லும் கதை மட்டும். இன்னொன்றையும் அப்போது கவனிக்கவில்லை. பட்டியலாகும் முன்பே பங்கு வாங்கியவர்களுக்கு ஓராண்டு லாக்-இன் உண்டு, அதுவரை விற்க முடியாது. அது முடிந்தது மே மாதம். சேதிகள் மழையாகப் பெய்ததும் அதே சமயம்தான். செப்டம்பர் பங்குதாரர் பட்டியலில் பழைய பெயர்கள் சிலவற்றைக் காணோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஜூலையில் 'புரமோட்டரே ரூ. 24 கோடி போடுகிறார்' என்று தலைப்புச் செய்தி. முதலாளியே போடும்போது நமக்கென்ன பயம் என்று அண்ணன் இன்னொரு லாட் வாங்கினார். அவை வாரண்டுகள், அதாவது முழுப் பணமும் கட்டிய பிறகு பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை. முதலில் 25 சதவீதம் கட்டினால் போதும், மீதிக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதாவது கைக்கு வந்தது ரூ. 6 கோடி. மீதி 18 கோடி கடைசி வரை வரவில்லை.

ஆகஸ்டில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எஸ்எம்இ கம்பெனிகள் சில, நடப்பை மிகைப்படுத்தி அறிவிப்பு விடுகின்றன, பின்னாலேயே போனஸ், பங்குப் பிரிப்பு, தேர்ந்தெடுத்த சிலருக்குப் பங்கு ஒதுக்குவது என்று போகின்றன, விலை ஏறியதும் புரமோட்டர்கள் விற்றுவிடுகிறார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. படித்தேன். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று பக்கத்தை மூடினேன்.

நவம்பரில் அரையாண்டுக் கணக்கு வந்தது. விற்பனை ரூ. 48 கோடி, லாபம் ரூ. 6 கோடி என்று முதல் பக்கம் ஜொலித்தது. பட்டறைக்கு வரும் ஆடிட்டர் பணப்புழக்கப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தொழிலில் இருந்து வந்த பணம் மைனஸ் 11 கோடி. வர வேண்டிய பாக்கி 39 கோடி. "வித்ததா எழுதியிருக்காங்க, காசு வரலை" என்றார். பட்டறைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் போனேன். ஐம்பது கிலோமீட்டர்தான், பத்து மாதம் முன்பே போயிருக்கலாம். தெரிந்தவர் மூலம் ஒரு சேகோ ஆலை முதலாளியைப் பார்த்தேன். மரவள்ளிச் சக்கையான திப்பியின் வாடை மூக்கைத் துளைத்தது. போனில் அந்த அறிவிப்பைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "ஆர்டருங்களா? கொட்டேஷன் கேட்டேனுங்க. மூணு கம்பெனில கேட்டேன், அதுல இவிங்களும் ஒண்ணு. நம்ம கழிவுத்தண்ணில வர்ற கேஸ் எட்டு வருஷமா பாய்லருக்குத்தானுங்க போகுது. புதுசுக்கு இப்ப என்ன அவசரம்?" அங்கிருந்தே இன்னும் மூன்று ஆலைக்காரர்களுக்குப் போன் போட்டார். யாரும் முன்பணம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அறிவிப்பை முழுசாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: 'விருப்பக் கடிதங்களின் அடிப்படையில், இறுதி ஒப்பந்தத்துக்கு உட்பட்டது.' வாங்க விருப்பம் என்று சொல்லும் கடிதம்தான், ஆர்டர் இல்லை.

திங்கட்கிழமை விற்கப் போனால் லோயர் சர்க்யூட், ஒரு நாளில் விலை விழக்கூடிய எல்லையைத் தொட்டு நிற்கிறது. தினம் 5 சதவீதம், தொடர்ந்து பதினோரு நாள். ராத்திரியே ஆர்டர் போட்டு வைத்தும் வாங்க ஆள் இல்லை. லாட் கணக்கில்தான் விற்க முடியும் என்பதால் நூறு இருநூறு பங்காகவும் தள்ள முடியாது. நின்றபோது விலை ரூ. 134. கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தது என் அடுத்த மடத்தனம். 2025 ஏப்ரலில் ரூ. 61க்குக் கொடுத்தேன். கைக்கு வந்தது ரூ. 1,22,000.

இடையில் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்தேன். மூன்று வாரத்துக்குள் கம்பெனியின் பதில் வந்தது: விருப்பக் கடிதம் என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறோம். புகார் முடிக்கப்பட்டது. எஸ்எம்இ புதுப் பங்கு வெளியீடுகளுக்கு 2025ல் விதிகளை இறுக்கியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பட்டியலான பிறகு விடும் இந்த மாதிரி அறிவிப்பை நாம்தான் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் இன்னும் விற்கவில்லை. போன வாரம் பேசும்போது, தோட்டத்துக்கு வந்த மிளகு வியாபாரி முன்பணம் தராமல் மூட்டையை ஏற்றப் பார்த்தான், விரட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 18 கோடி அறிவிப்பு சந்தைத் தளத்தில் இப்போதும் அப்படியே இருக்கிறது.