சின்னப் பவளத் தொட்டி விளக்குக்கு மீன்வெல் எல்டிடி-எச் டிரைவர்: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் விளக்கைத் தாங்களே கட்டிக்கொள்ள முக்கியக் காரணம் விலைதான். ராண்ட் சரியும்போதெல்லாம் வெளிநாட்டுப் பவளத் தொட்டி விளக்கின் விலை ஏறுகிறது, அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி வேறு. ஆனால் கட்டுகிறவர்களில் பலர் பணத்தை எல்இடியில் கொட்டிவிட்டு, அதற்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவரில் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். எல்இடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குள் ஓடும் மின்னோட்டம் நிலையாக இல்லாவிட்டால் பயனில்லை. அந்த வேலைக்கு இன்று கிடைப்பதில் மீன்வெல் நிறுவனத்தின் எல்டிடி-எச் வரிசையைத் தயங்காமல் வாங்கலாம். அதன் குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

தீப்பெட்டியைவிடச் சின்னதாக, முழுக்கப் பிசினில் அடைக்கப்பட்ட கறுப்புக் கட்டி அது. நேர் மின்சாரம் (டிசி) 9 முதல் 56 வோல்ட் வரை உள்ளே வாங்கி, 2 முதல் 52 வோல்ட் வரை வெளியே தரும். பெயரில் இருக்கும் எண்தான் மின்னோட்டம்: எல்டிடி-700எச் என்றால் 700 மில்லிஆம்ப், எல்டிடி-500எச் என்றால் 500. திறன் 97 விழுக்காடு வரை போகும் என்கிறது நிறுவனத்தின் தரவுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த எல்இடிகளின் 27 வாட் சரத்தை ஓட்டும்போது டிரைவரில் வீணாவது ஏறக்குறைய ஒரு வாட்தான். அதனால் டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்திலும் இதற்குத் தனி விசிறி தேவைப்படுவதில்லை. பிசின் அடைப்பு இருப்பதால் உப்புக் காற்று உள்ளே போகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் மட்டும் பச்சை பூக்கும். சால்டர் செய்து முடித்ததும் அவற்றின்மேல் வார்னிஷ் பூசிவிடுங்கள்.

வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். எல்டிடி-700எச், எல்டிடி-700எல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எல் வகை 36 வோல்ட் வரைதான் தாங்கும். அதை 48 வோல்ட்டில் மாட்டினால் அந்த நிமிடமே முடிந்தது. கடைசியில் டபிள்யூ சேர்ந்து எல்டிடி-700எச்டபிள்யூ என்று இருந்தால் கால்களுக்குப் பதில் வயர் இருக்கும். சர்க்யூட் போர்டு செய்ய விரும்பாதவர்களுக்கு அதுவே வசதி.

இனி ஒரு தொட்டியை வைத்துப் பார்ப்போம். நீளம் 45, அகலம் 35, உயரம் 38 சென்டிமீட்டர், ஏறக்குறைய 60 லிட்டர். சோவாந்திட், மஷ்ரூம், ஹேமர், டார்ச் போன்ற பவளங்களுக்கு 24 எல்இடி தாராளம். முதல் சரத்தில் 450 நானோமீட்டர் ராயல் புளூ பன்னிரண்டு, அதற்கு எல்டிடி-700எச். இரண்டாம் சரத்தில் 6500 கெல்வின் வெள்ளை ஆறு, 470 நானோமீட்டர் நீலம் மூன்று, 420 நானோமீட்டர் ஊதா மூன்று. ஊதா எல்இடிக்கு 700 மில்லிஆம்ப் கொடுத்தால் ஆயுசு குறையும், அதனால் இந்தச் சரத்துக்கு எல்டிடி-500எச். நீலம் இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. பவளத்துக்குள் வாழும் பாசி 430 முதல் 490 நானோமீட்டர் வரையிலான ஒளியை வைத்தே பெரும்பாலும் சமைக்கிறது. பவளங்கள் பளபளவென்று ஒளிர்வதும் அந்த நீலத்திலும் ஊதாவிலும்தான்.

இந்த டிரைவர் வோல்ட்டைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. உள்ளே வருவது வெளியே போவதைவிடக் குறைந்தது 3 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். ஒரு எல்இடிக்கு 3.2 வோல்ட் என்றால் பன்னிரண்டுக்கு 38.4, அதோடு 3 சேர்த்தால் 41.4. ஆக வீட்டு மின்சாரத்தை 48 வோல்ட் டிசியாக மாற்றும் சப்ளை பொருந்தும். ஆசைப்பட்டு 14 எல்இடி வைத்தால் குளிர்ந்திருக்கும்போது எரியாமலோ மினுக்கிக்கொண்டோ இருக்கும், பழி டிரைவர்மேல் விழும். இரண்டு சரமும் சேர்ந்து 46 வாட் இழுக்கும். மீன்வெல்லின் எல்ஆர்எஸ்-75-48 சப்ளை, அதாவது 48 வோல்ட் 1.6 ஆம்பியர், போதுமானது. அதில் இருக்கும் சின்னத் திருகை 48க்கு மேல் ஏற்றாதீர்கள். அதன் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். மூடி போட்ட பிவிசி பெட்டிக்குள் வைத்து, தொட்டிக்கு மேலே அல்லாமல் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுங்கள். பச்சை-மஞ்சள் எர்த் வயரை, எல்இடிகளின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டான ஹீட் சிங்குக்கும் கொண்டுபோங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங்கில் உப்புத்தண்ணீர்த் தொட்டியே வைக்கக் கூடாது.

இப்போது குறைகள். முதலாவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம் கால். அதை எதிலும் இணைக்காமல் திறந்துவிட்டால் விளக்கு அணையாது, முழு வெளிச்சத்தில் எரியும். 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் எரியும், 0.8க்குக் கீழே இறங்கினால்தான் அணையும். இது தெரியாமல் ஆர்டுயினோ என்ற கன்ட்ரோலர் போர்டை இணைத்தவர்கள், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கன்ட்ரோலர் விழித்துக்கொள்ளும்வரை பவளத்தின்மேல் முழு வெளிச்சமும் அடிப்பதைப் பார்த்திருப்பார்கள். டிம் காலுக்கும் உள்ளீட்டு மைனஸுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். பிறகு கன்ட்ரோலர் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் இன்னும் குறைந்த மதிப்பைப் போடுங்கள்.

விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம் முறையின் அதிர்வெண் 100 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் 9, 10 எண் கால்கள் இயல்பாகவே 490 ஹெர்ட்ஸ் தருகின்றன, எதையும் மாற்ற வேண்டாம். கன்ட்ரோலரின் மைனஸும் 48 வோல்ட் மைனஸும் கட்டாயம் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிம்மிங் கிறுக்குத்தனமாக ஆடும். 0–10 வோல்ட் திருகுக் கட்டுப்பாடு நேராக இதில் வேலை செய்யாது. கன்ட்ரோலர் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் எல்டிடி-350எச் வாங்கி டிம் காலைத் திறந்தே விட்டு, நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி டைமர் வைக்கலாம். மென்பவளத் தொட்டிக்கு அதுவே போதும்.

இரண்டாவது குறை, எல்இடிப் பக்கத்து மைனஸும் உள்ளீட்டு மைனஸும் வேறு வேறு. கறுப்பு வயர்தானே என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் டிரைவரால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. உள்ளீட்டில் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் பிழைக்காது. ஒரு டிரைவரில் இரண்டு சரங்களைப் பக்கவாட்டில் மாட்டவும் கூடாது. எந்தச் சரம் கொஞ்சம் சூடாகிறதோ அது அதிக மின்னோட்டத்தை இழுத்து இன்னும் சூடாகி, கடைசியில் எரிந்துபோகும்.

எல்லாவற்றையும்விட அதிகமான எல்இடிகளைக் கொல்வது வேறொன்று. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரத்தைக் கழற்றி மாட்டுவது. சரம் கழன்றதும் டிரைவரின் வெளியீடு 48 வோல்ட்டை ஒட்டி ஏறி நிற்கும். திரும்ப மாட்டும் அந்த நொடியில் அத்தனையும் எல்இடிக்குள் பாயும். சுவர் சுவிட்சை அணைத்து, சில நொடி பொறுத்து, அதன்பிறகே வயரில் கை வையுங்கள்.

டிரைவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சூட்டிலிருந்து எல்இடியைக் காப்பாற்றாது. அது ஹீட் சிங்கின் வேலை. 40க்கு 15 சென்டிமீட்டர், இதழ்கள் 25 மில்லிமீட்டர் உயரமாவது உள்ள அலுமினியத் துண்டு எடுங்கள். எம்3 திருகுக்கு 2.5 மில்லிமீட்டர் துளை போட்டு மரை வெட்டுங்கள். சூடு கடத்தும் பசையை அடியிலுள்ள அலுமினியம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேயுங்கள், கனமாகப் பூசினால் அதுவே சூட்டைத் தடுக்கும். திருகுத் தலைக்கு அடியில் நைலான் வாஷர் கட்டாயம். திருகின் தலை எல்இடியின் சால்டர் திட்டைத் தொட்டுவிட்டால் சரம் முழுதும் ஹீட் சிங்கோடு ஷார்ட் ஆகும். எல்இடியை மாட்டுவதற்கு முன்பே திட்டுகளில் ஈயம் ஏற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு ஹீட் சிங்க் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். 25 வாட் அயனால் ஈயம் உருகாமல் மங்கலான உருண்டையாகத்தான் நிற்கும், அந்த இணைப்பு ஆறு மாதத்தில் விடும். தட்டையான முனையுள்ள 60 வாட் அயன் வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு திட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பாருங்கள், ஒன்றில்கூடச் சத்தம் வரக் கூடாது.

ஒரு மணி நேரம் எரிந்தபின் ஹீட் சிங்கில் உள்ளங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் விசிறி வேண்டும். 12 வோல்ட் விசிறிக்குச் சந்தையில் கிடைக்கும் வோல்ட்டைக் குறைக்கும் சாதாரண எல்எம்2596 மாட்யூலை 48 வோல்ட்டில் இணைக்காதீர்கள், அதன் எல்லை 40 வோல்ட். எச்வி என்று முடியும் வகையை வாங்குங்கள், அல்லது தனி 12 வோல்ட் அடாப்டரே வைத்துவிடுங்கள். எல்இடிகளுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் தகடு போடுங்கள். குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு அதில்தான் படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்தால் போதும். நீலம், வெள்ளை, ஊதாவைத் தனித்தனிப் பத்தியாக வைக்காமல் கலந்து நெருக்கமாக வையுங்கள், இல்லையென்றால் மணலில் வண்ண நிழல்கள் ஆடும். நீர்மட்டத்துக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரம், 80 அல்லது 90 பாகை லென்ஸ்.

முதல் நாள் 25 விழுக்காடு வெளிச்சம், வாரத்துக்கு 5 விழுக்காடு கூட்டுங்கள். நீல வெளிச்சம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் எல்லோரும் ஏமாறுகிறார்கள். லக்ஸ் மீட்டரும் அப்படியே ஏமாறும். பவளத்தின் உச்சி வெளிறினால் வெளிச்சம் அதிகம், காம்பு நீண்டு பழுப்பேறினால் குறைவு. சோவாந்திட்டுக்குப் பார் அளவு, அதாவது பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு, 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா என்ற கல்பவளம் வளர்க்க 200க்கு மேல் வேண்டும், அதற்கு இந்த 24 எல்இடி நடுப்பகுதியில் மட்டும்தான் எட்டும்.

மின்வெட்டுக்காக விளக்கை பேட்டரியில் ஓட்டத் தேவையில்லை. நான்கு மணி நேர இருட்டு பவளத்தை ஒன்றும் செய்யாது. இருக்கிற பேட்டரியை அலை பம்புக்குக் கொடுங்கள், ஓட்டம் நின்றால்தான் உயிர் போகும்.

இணையத்தில் கிட்டோடு சேர்த்து விற்கும் பெயரில்லாத 230 வோல்ட் டிரைவர்கள் மலிவுதான். பலவற்றில் டிம்மிங் கிடையாது. சிலவற்றில் வெளியீட்டுப் பக்கம் மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதும் இல்லை. ஈரக் கையோடு நிற்கும் இடத்தில் அதை நம்ப முடியாது. எல்டிடி-எச் முறையில் தொட்டிக்கு மேலே வருவது 48 வோல்ட் நேர் மின்சாரம் மட்டும்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

ஒரு சரம் முழுதும் திடீரென்று அணைந்தால் டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் எல்இடிகளைப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, முதல் எல்இடியின் இரண்டு திட்டுகளையும் ஒரு கிளிப் வயரால் இணைத்து, திரும்பப் போடுங்கள். எரியவில்லை என்றால் அணைத்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். எந்த எல்இடியை இணைத்தபோது மற்றப் பதினொன்றும் எரிகின்றனவோ, செத்தது அதுதான். புதியது வரும்வரை அந்த இடத்தில் சின்ன வயர்த் துண்டைச் சால்டர் செய்து சரத்தை ஓட்டலாம், மின்னோட்டத்தை டிரைவர் அதே அளவிலேயே வைத்துக்கொள்ளும்.