இளம் இரட்டை விண்மீன்களின் நிறை: எந்தத் தராசை நம்பலாம்?

2005-இல் ஏபி டொராடஸ் சி என்ற மங்கலான துணை விண்மீனின் நிறை வெளியானபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. நிறை சூரியனில் 0.09 பங்கு, ஒளியை வைத்துக் கோட்பாட்டு மாதிரிகள் சொன்னதைவிட மிக அதிகம். ஆனால் சண்டை அதன் வயதைப் பற்றித்தான் நடந்தது, வயது மாறினால் மாதிரி சொல்லும் நிறையும் மாறுமே. சுற்றுப்பாதையிலிருந்து வந்த நிறையை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. சரி, அந்தத் தராசிலும் வகைகள் உண்டே?

ஜோடியை நேரடியாகப் படமெடுத்துப் பாதையை வரைவது முதல் வகை. ரிஷப மண்டலத்தின் இளம் விண்மீன்கள் சுமார் 140 பார்செக் (ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு) தொலைவில் உள்ளன. அங்கே 0.1 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளி என்பது 14 வானியல் அலகு, அதாவது பூமி-சூரியன் தூரத்தைப் போல 14 மடங்கு. மொத்த நிறை ஒரு சூரியன் என்றால் ஒரு சுற்றுக்கு 52 ஆண்டு. ஒருவரின் பணிக்காலமே முடிந்துவிடும்! நல்லவேளை, பாதையில் ஒரு பகுதி கிடைத்தாலே ஓரளவு கணக்குப் போடலாம். பாதையின் அளவும் சுற்றுக்காலமும் தனித்தனியே தடுமாறினாலும் சேர்ந்தே தடுமாறுவதால், நிறையைத் தரும் கெப்ளர் விதிக்கு வேண்டிய ஈவு (அளவின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தது) அவ்வளவாக ஆடாது. தூரம்தான் தொல்லை: அதில் 3 சதவீதம் பிசகினால் நிறையில் 9 சதவீதம் பிசகும். விண்மீன்களின் தூரத்தை அளந்த கயா விண்கலம் தரும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது, ஜோடியின் சொந்த அசைவே அந்த அளவீட்டில் கலந்துவிடும். போதாக்குறைக்கு, கிடைப்பது இரண்டின் கூட்டு நிறை மட்டுமே.

இரண்டாவது, நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்து விண்மீன்கள் நம்மை நோக்கியும் விலகியும் போகும் வேகத்தை அளப்பது. இந்த நிறமாலை வழிக்குத் தூரமே வேண்டாம், பாதையின் சாய்வு வேண்டும். பாதை வானத் தளத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், சாய்வு தெரியாமல் கணக்கில் வரும் நிறை உண்மை நிறையில் எட்டில் ஒரு பங்குதான். ஒன்றையொன்று மறைக்கும் கிரகண ஜோடிகளில் இந்தச் சிக்கல் இல்லை, பாதை நமக்கு விளிம்பாகத் தெரிவதால் சாய்வு தெரிந்துவிடும். 2006-இல் ஓரியனில் அப்படி எடைபோட்ட பழுப்புக் குள்ளர் (விண்மீனாக எரியப் போதிய நிறை இல்லாதவை) ஜோடியில், நிறை கூடியதுதான் குளிர்ச்சியாக இருந்தது! ஆனால் இப்படிப்பட்ட ஜோடிகள் அபூர்வம்.

இளம் விண்மீனைச் சூழ்ந்த வளிமத் தட்டின் சுழற்சி வேகத்திலிருந்து நிறையைக் கணிப்பது மூன்றாவது வழி. தூரப் பிழை இங்கே நிறையில் அப்படியே ஏறும், மும்மடங்காகாது. ஆனால் தட்டு இரண்டையும் சேர்த்துச் சூழ்ந்திருந்தால் இதுவும் கூட்டு நிறைதான்.

என் தேர்வு முதல் இரண்டையும் இணைப்பது. படம் சாய்வைத் தரும், நிறமாலை நிறையைப் பிரித்துத் தரும், தூரமும் கூடவே கிடைத்துவிடும். மேலே சொன்ன 52 ஆண்டு ஜோடி இதற்கு ஒத்துவராது. அதன் ஒப்பு வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டர். வேகமாகச் சுழலும் இளம் விண்மீனின் நிறமாலைக் கோடு அதைவிட அகலம். பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்க்கும் குறுக்கீட்டுமானியால் 0.01 விகலை இடைவெளியைப் பிரித்துப் பார்த்தால், அதே நிறையுள்ள ஜோடி 20 மாதத்தில் சுற்றி முடிக்கும், வேகமும் 25 கிலோமீட்டரைத் தொடும்.