சான்றிதழ் வேண்டாம், பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

ராமநாதபுரம் கரையில் ஒரு பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில். ஞானஸ்நானம், திருமணம், மரணம் எழுதிய பழைய பதிவேடுகளை அங்கே தேடித் தரும் வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். விளம்பரம் இல்லை, இணையதளம் இல்லை, கட்டணப் பட்டியல் இல்லை. சாமியாருக்கு உதவியாக இருக்கும் ஒரு உபதேசியார், ஒரு மரபீரோ, உள்ளே தடித்த அட்டை போட்ட புத்தகங்கள், அவ்வளவுதான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

இதற்கு முன் பரம்பரை கண்டுபிடித்துத் தரும் ஓர் இணையதளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தேன். கொள்ளுத்தாத்தா பெயரைத் தட்டினால் மெட்ராஸில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ‘மக்கள்தொகைக் கணக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததும் இங்கிலாந்துக் கணக்கு. அங்கே நூறு வருடம் கழித்து வீட்டு விவரத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. நம் நாட்டில் 1881 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணியும், கூட்டல் முடிந்ததும் ஆள்பெயர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருப்பவை அட்டவணைகள். 1948 கணக்கெடுப்புச் சட்டப்படி அதற்குப் பிந்தைய தாள்களும் பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது. தாலுகாவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெரியும், அதில் உங்கள் பாட்டன் யார் என்பது தெரியாது. பட்டா, அடங்கல் பக்கம் போகலாம்தான். கடல் தொழில் செய்த குடும்பத்தில் யார் பேரில் நிலம் இருந்தது?

சரி, கோயிலுக்கு வருவோம். என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தங்கச்சிமடத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் பழைய காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. தனுஷ்கோடியே போய்விட்டது, புத்தகம் மட்டும் எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம். கிளைக் கிராமத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தையும், அந்தக் கிராமம் சேர்ந்திருக்கும் தாய்ப்பங்கின் புத்தகத்தில்தான் எழுதுவது வழக்கம். அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தக் காலத்தில் அந்த ஊர் எந்தப் பங்கோடு சேர்ந்திருந்தது என்பதை. பங்குகள் பிரிந்துகொண்டே இருக்கும். பல பங்குகளைச் சேர்த்து ஆயர் ஆளும் மறைமாவட்டமும் அப்படித்தான்: 1938க்கு முன் திருச்சி, பிறகு மதுரை, 1987 முதல் சிவகங்கை. இந்தக் கணக்கெல்லாம் உபதேசியாருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கே ஒரு நட்சத்திரம்: “டீச்சர், சர்டிபிகேட் வேணுமா, இல்ல புத்தகத்தப் பாக்கணுமா?”

வித்தியாசம் இதுதான். சான்றிதழ் என்றால் அச்சடித்த படிவத்தில் பெயர், தேதி, பெற்றோர், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் என்று நிரப்பிக் கையில் கொடுப்பார்கள். பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் அது போதும். பரம்பரை தேடுபவருக்குப் பக்கத்தின் ஓரம்தான் முக்கியம். 1908 முதல் ஒருவருக்குத் திருமணம் ஆனால், அது எங்கே, யாரோடு என்பதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. எல்லாச் சாமியாரும் ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிய இடத்தில் அடுத்த ஊருக்கு வழி கிடைத்துவிடும். வாக்கப்பட்டுப் போன பெண்களைத் தேட எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. தாயின் பெயரும் இதில் இருக்கும், நிலப் பத்திரங்களில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

திருமணப் புத்தகம் இன்னும் சுவாரஸ்யம். நம்மில் அத்தை மகளைக் கட்டுவது சாதாரணம், திருச்சபைக்கு அது தடை. விலக்கு வாங்கித்தான் கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டும், வாங்கியதைப் புத்தகத்திலும் எழுத வேண்டும். என் கொள்ளுத்தாத்தா கல்யாணத்தில் ‘இரண்டாம் படி’ உறவுக்கு விலக்கு என்று ஒரு வரி. பழைய கணக்கில் அப்படியென்றால் மாப்பிள்ளையின் பெற்றோரில் ஒருவரும் பெண்ணின் பெற்றோரில் ஒருவரும் கூடப்பிறந்தவர்கள். தனித்தனியாக வரைந்து வைத்திருந்த இரண்டு கிளை அந்த ஒரு வரியில் ஒன்றானது. ஊரில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத சங்கதி, தடை விதித்தவர்கள் புண்ணியத்தில் எழுத்தில் நிற்கிறது.

பழைய புத்தகங்கள் லத்தீனில் இருக்கின்றன. சந்தியாகு அங்கே யாகோபுஸ், சூசை யோசேபுஸ். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைப்பதால் ஒரே பெயரில் கூட்டமாக வருவார்கள். பிரித்தறிய ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு பார்த்தே பழகிய எனக்கே கண் வலித்தது. உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் தின்றது போகத்தான் படிக்க முடியும். உபதேசியார் தானே பக்கம் புரட்டுகிறார், நம்மைத் தொட விடுவதில்லை. அது சரிதான்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது மரணப் புத்தகத்துக்காக. அடக்கம் செய்தால்தான் பதிவு. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களும், கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போய் அங்கேயே கண்ணை மூடியவர்களும் இதில் இல்லை. பெயர்களுக்கு அகரவரிசைப் பட்டியல் போட்டு வைக்கவும் யாரும் மெனக்கெடவில்லை, வருடம் தெரியாமல் போனால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

பணம் எதுவும் கேட்கவில்லை, உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். போகும் முன் பங்குச் சாமியாரிடம் போனில் அனுமதி வாங்குங்கள். தவக்காலத்திலும் திருவிழாக் கொடியேற்றம் முடிந்த நாட்களிலும் போனால் உபதேசியார் கையில் கிடைக்கமாட்டார். படம் எடுக்க விட்டால் பிளாஷை அணைத்துவிட்டு, ஓரமும் சேர்ந்து விழும்படி முழுப் பக்கத்தையும் எடுங்கள்.