ஸ்பிரிங் கை வைத்த டேபிள் லாம்ப்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

மூங்கிலில் செய்தது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்றெல்லாம் அட்டையில் போட்டு விற்கும் விளக்குகளைப் பார்த்தால், நான் முதலில் தேடுவது பல்பைக் கழற்ற முடியுமா என்பதைத்தான். எல்இடியை உள்ளேயே ஒட்டி மூடியிருந்தால், அது போகும் நாளில் மூங்கிலும் சேர்ந்து குப்பைக்குத்தான் போகும்.

என்னிடம் இருப்பது பழைய பாணி. இரும்புக் கை, மூன்று ஸ்பிரிங், மேஜை விளிம்பில் முடுக்கும் கிளாம்ப், நம் வீடுகளில் இருக்கும் சாதாரண பின் டைப் ஹோல்டர். இந்தக் கை அமைப்பு, வாகன சஸ்பென்ஷனில் வேலை பார்த்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1932 வாக்கில் உருவாக்கியது. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும் அந்தச் சமநிலைக்கு ஸ்பிரிங்தான் காரணம். மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை.

மின்சாரம் மிச்சமாவதும் இந்தக் கையால்தான். பல்பைப் புத்தகத்திலிருந்து இரண்டடியில் வைப்பதற்குப் பதில் ஓரடிக்கு இறக்கினால், வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் 7 வாட்ஸ் எல்இடியே படிக்கத் தாராளம். தினம் நாலு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. டிம்மர் இல்லையே என்று குறைப்படத் தேவையில்லை, கையைத் தூக்கினால் வெளிச்சம் குறைந்துவிடும். ராத்திரிக்கு மஞ்சள் சாயல் உள்ள 2700 கெல்வின் வார்ம் ஒயிட் போட்டிருக்கிறேன். நீலம் கலந்த வெள்ளையான 6500 கெல்வின் இவ்வளவு பக்கத்தில் கண்ணைக் கூசும்.

குறைகளும் உண்டு. கை மடங்கும் இடத்தில் ஒயர் வளைந்து வளைந்து உறை வெடித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அந்தத் துண்டை மாற்றிக் கொடுத்தார். மூட்டு நட்டுகள் தளரும், அப்போது தலை மெல்லத் தொங்கும். ஸ்பானரால் ஒரு திருகு, சரியாகிவிடும். கிளாம்ப் பிளைவுட்டில் தடம் பதிக்கிறது, நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்திருக்கிறேன். தடிமனான கிரானைட் மேடையில் மாட்டவே மாட்டாது.

மேலே காற்றுத் துளை இல்லாத ஷேடு வேண்டாம். எல்இடி பல்பில் பெரும்பாலும் முதலில் சாவது வெளிச்சம் தரும் சிப் இல்லை, வீட்டு மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும், அடியில் இருக்கும் டிரைவர் சர்க்யூட். சூடு அடைந்து கிடந்தால் அதிலுள்ள கெபாசிட்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம், ஸ்பிரிங் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.