செவ்வாயின் மூலப்படங்கள்: நாசாவின் இலவசச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஓர் ஆய்வு முடிவைச் செய்தியாகப் படிக்கிறவர்களுக்கு, அந்த முடிவுக்கு ஆதாரமான சான்றைத் தம் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. செவ்வாய்க் கோளில் ஊர்ந்து ஆராயும் பெர்சிவியரன்ஸ் ரோவர் அனுப்பும் படங்களை, அறிவியலாளர்கள் அவற்றுக்குப் பொருள் சொல்வதற்கு முன்பே, கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்துவைக்கும் நாசாவின் மூலப்படச் சேவை அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவைக்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று சுமார் 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசிரோ பள்ளத்தில் ரோவர் இறங்கியது முதல் வந்த படங்களை, எந்தக் கேமரா எடுத்தது, எந்தச் செவ்வாய் நாளில் (ரோவர் இறங்கியதிலிருந்து எண்ணப்படும் அக்கோளின் நாள்) எடுத்தது என்ற இரண்டு விவரங்களைக் கொண்டே வடிகட்டிப் பார்க்கலாம்.

இதன் உண்மையான மதிப்பை உணர விரும்புகிறவர்கள் 1,212ஆம் செவ்வாய் நாளுக்குச் சென்று, ரோவரின் கைநுனியில் உள்ள வாட்சன் கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயரிடப்பட்ட பாறை அங்கே மிக அருகில் தெரிகிறது. வெண்ணிறக் கால்சியம் சல்பேட் கீற்றுகளுக்கு இடைப்பட்ட செந்நிறப் பகுதியில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள வெளிறிய புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிறுத்தையின் உடலில் காண்பதைப் போலக் கருவளையம். அந்த வளையங்களில் இரும்பும் பாஸ்பேட்டும் இருப்பதை ரோவரின் எக்ஸ்-கதிர்க் கருவி கண்டறிந்தது. ஜோயல் ஹுரோவிட்ஸ் தலைமையிலான குழு 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இப்பாறை அமைப்பில் விவியனைட் (இரும்புப் பாஸ்பேட்), கிரைகைட் (இரும்புச் சல்பைடு) ஆகிய கனிமங்கள் இருக்கக்கூடும் என்றும், பூமியில் இவை நுண்ணுயிர்களின் செயலாலும் உருவாவதுண்டு, உயிரின் தொடர்பே இல்லாமலும் உருவாவதுண்டு என்றும் விளக்கி, 'உயிர்த்தடமாக இருக்கலாம்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. கட்டுரையையும் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நிதானம் எவ்வளவு நியாயமானது என்பது விளங்குகிறது. செய்தித் தலைப்புகளில் அந்த நிதானம் காணாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இன்னொரு படவரிசையும் உண்டு. பாறைகளில் கனிமங்களையும் கரிமப் பொருள்களையும் தேடும் ஷெர்லாக் கருவியைச் சரிபார்ப்பதற்காக ரோவரின் முன்புறத்தில் பொருத்தப்பட்ட தகட்டில், விண்வெளி உடைக்கான ஐந்து பொருள்களின் சிறு துண்டுகள் உள்ளன. டெஃப்லானும், தலைக்கவசத்தின் முகமறைப்புக்கு உதவும் பாலிகார்பனேட்டும் அவற்றுள் அடங்கும். செவ்வாயின் தூசியும் கதிர்வீச்சும் அவற்றை எவ்வாறு சிதைக்கின்றன என்று அறிவதே நோக்கம். அதே தகட்டில், 1999இல் ஓமானில் கண்டெடுக்கப்பட்ட செவ்வாய் விண்கல் ஒன்றின் சீவலும் இருக்கிறது. பொருளறிவியலில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் படங்களை அவசியம் தேடிப் பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். படத்தின் கீழே உள்ள குறிப்பு கேமராவின் பெயரையும் நாளையும் நேரத்தையும் சொல்கிறதே தவிர, படத்தில் இருப்பது என்ன என்பதைச் சொல்வதில்லை. பாறையின் பெயரை வைத்துத் தேடவும் வழியில்லை. நாளின் எண்ணை வேறெங்காவது தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். வழிகாட்டும் கேமராக்களின் பெரிய படங்கள் பல நேரங்களில் துண்டுதுண்டாகவே வருவதால், முழுக் காட்சியை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிறங்களும் திருத்தப்படாதவை, ஒரு பாறையின் சிவப்பைப் பார்த்து அதன் வேதியியலை ஊகிப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

பார்த்து அறிவதற்கும், மாணவர்களுக்குக் காட்டுவதற்கும், ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் படிப்பதற்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அளவீடு செய்ய நினைப்பவர்கள் மட்டும், சில மாதங்கள் கழித்து நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் வெளியாகும் திருத்தப்பட்ட தரவுகளுக்காகக் காத்திருப்பது நல்லது.